என் பக்க பிரேக்

வண்டியைக் கிளப்புவதற்கு முன் அக்கா ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணை மூடி, உதடு அசைய ஏதோ சொல்லிக்கொள்வாள். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவள். "கடவுள் லைசென்ஸ் எல்லாம் குடுக்க மாட்டாரு, கண்ணாடியைப் பாரு" என்று நான் கிண்டல் செய்வேன். பதினெட்டு வருடமாக ஊருக்கே ஓட்டச் சொல்லித்தருகிறேன். எனக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் அது என் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கில்தான்.

நாளைக்கு அவளுக்கு மூன்றாவது தேர்வு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி. இந்த முறையும் கோட்டைவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். முதல் இரண்டு முறையும் தேர்வு முடிவுத் தாளில் ஒரே வரி: பிரேக் தாமதம். அந்தத் தாளை அவள் நீட்டியபோது, போன் வந்தது போல நழுவிவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். பயிற்சி வண்டியில் என் பக்க பிரேக்கை மிதித்தால் 'கீ' என்று ஒரு சத்தம் வரும், கற்றுக்கொள்கிறவருக்கு உறைக்கட்டும் என்று. அக்கா ஏறும் நாட்களில் மட்டும் அந்த ஒயரைப் பிடுங்கிவிடுவேன். அவள் மிதிப்பதற்குள் நான் மிதித்துவிடுவேன். வண்டி அழகாக நிற்கும். "பரவாயில்லையே!" என்று வெட்கமில்லாமல் பாராட்டவும் செய்வேன். தேர்வு வண்டியில் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன் என்பது அப்போது எனக்கு ஞாபகமே வராது.

வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. அக்கா விஷயம் வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள். அம்மா அழுதாள். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான்தான் போய், "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா" என்று சொல்லி, அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் இதே வண்டியில் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இன்னும் இரண்டு வருடம் அங்கே பட்டுவிட்டுத்தான் மொத்தமாக வந்தாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. சாப்பிட்டாயா, துணி எடுத்தாயா என்றே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டோம்.

இன்று காலை அவள் கண்ணை மூடியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உன் மேல தப்பில்ல. இத்தனை நாளும் பிரேக் போட்டது நான்தான்."

அவள் கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீ மிதிச்சா என் பக்கமும் தானா கீழ போகுதே. என் காலுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதுலேர்ந்து நீ என் முகத்தையே நேரா பாத்ததில்ல. இங்கயாவது எனக்காக ஏதோ செய்யறான், செஞ்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். பரீட்சைய நானே சமாளிச்சுடுவேன்னு நெனச்சேன். எங்க?"

"அன்னைக்கு உன்னை உட்காரக்கூடச் சொல்லல" என்பது மட்டும்தான் என் வாயில் வந்தது.

"அதான் இப்ப தினமும் பக்கத்துல உட்கார வெச்சிருக்கியே" என்றாள். "நாளைக்கு நான் பாஸ் ஆகணும்டா. காலை எடு."

காலை எடுப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? வீட்டில் டிவி பார்க்கும்போதே தரையை மிதிக்கிற கால் அது. யோசித்தேன். செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை அணைந்தே போனது. அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

பெரிய சாலையின் இறக்கத்தில் திரும்பினோம். கீழே சிவப்பு விளக்கு. அங்கே ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. "அக்கா" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கி, இரண்டு முழங்காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை, என் உதடும் அசைந்தது.

பேருந்தின் பின்கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றது. மடியிலிருந்த செருப்பு அசையவில்லை.