எப்சி வாசித்த வாரம்

...வியாழக்கிழமையை என்ன செய்வது, மற்ற நாட்களை எழுதிவிடலாம், திங்களுக்கு மழை இருக்கிறது, பழைய பால்பவுடர் டப்பாவை முற்றத்தில் வைத்து எப்சி மழையை அளந்தாள், மூன்று விரல்கடைக்குக் கொஞ்சம் கம்மி என்று அறிவிப்பு வேறு, கையில் அடிக்கோல் இருக்கும்போது விரல்கடை எதற்கடி என்றால் அடிக்கோல் தொலைஞ்சு போவும்மா, விரல் போவாது என்கிறாள், இந்தக் கழுதைக்கு எங்கிருந்துதான் பதில் வருகிறதோ. செவ்வாய்க்கு மாமரத்து எறும்புக் கூடு, புதனுக்கு வீட்டிலிருந்து பொம்மிடி ஸ்டேஷன் வரைக்கும் வரைபடம், அதில் ரயிலைவிடப் பெரிதாகப் பக்கத்து வீட்டு மாதம்மாளின் எருமை, வரைபடத்தில் எருமை வராதுடா என்று சொன்னதற்கு, அது அங்கதானேம்மா எப்பவும் நிக்குது... சிரித்துத் தொலைத்தாயிற்று, அதையும் எழுதலாம், பியூலா சிஸ்டருக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். ஓசூரிலிருந்து அந்த அம்மாதான் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறார்கள், வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் முப்பது கிறிஸ்தவத் தாய்மார், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அந்த வாரப் படிப்பை ஒவ்வொருத்தரும் போட்டோவோடு போட வேண்டும், போட்ட நிமிஷமே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கொட்டும். கலைமதி இரண்டு வருஷமாக ஒரு சனி தவறியதில்லை. இன்று மட்டும் நாலு மணியிலிருந்து ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கையெல்லாம் உப்பும் மஞ்சளும், இந்தக் கையோடு போனைத் தொட முடியாதே என்று ஒரு சாக்கு.

சாக்குதான், அவளுக்கே தெரியும். வியாழக்கிழமை காலை ஜெபம் முடிந்து எப்சி சங்கீதம் வாசித்தாள், எப்போதும் போலத்தான், முதலில் கலைமதி மூன்று முறை வாசித்துக் காட்டுவாள், பிறகு எப்சி வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வாசிப்பாள், தண்ணீர் ஓடுவது மாதிரி ஓடும், ஓரிடத்தில் தட்டாது, எட்டு வயசுப் பிள்ளை வாசிக்கிற வாசிப்பா இது என்று சபையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஃபேன் காற்றில் தாள் புரண்டது, ஒன்றில்லை, நாலைந்து தாள் சேர்ந்து புரண்டு வேறெங்கோ போய் நின்றது, எப்சி கவனிக்கவில்லை, விரல் அந்தப் புதுப் பக்கத்தின் மேல் அதே நிதானத்தில் ஓடியது, வாய் பழைய சங்கீதத்தையே கடைசி வரை சொல்லி முடித்தது, ஆமென் சொல்லி நிமிர்ந்து சிரித்தது. கலைமதியும் சிரித்தாள், வேறென்ன செய்வாள். அப்படியானால் இந்த இரண்டு வருஷமும்? சங்கீதம் சரி, கதைப் புத்தகம், அறிவியல் பாடம், எல்லாமே மூன்று தடவை கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டதுதானா, மனப்பாட வசனத்துக்கு ஞாயிறு பள்ளியில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்குகிறவள், டிபன் பாக்ஸாக வாங்கி அலமாரி நிறைந்துவிட்டது, அந்த ஞாபகசக்தியைப் பார்த்துப் பெற்றவளே ஏமாந்தாளா? வெள்ளிக்கிழமை சோதித்தும் பார்த்தாள், ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து யாருக்குக் கல்யாணம்னு பாருடா என்றாள், எப்சி உற்றுப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், உதடு மட்டும் முணுமுணுத்தது, எழுத்து தெரிகிறது, சேர்க்க வரவில்லை, அப்புறம், அம்மா கண்ணு எரியுது என்று எழுந்து போய்விட்டாள்.

கலைமதி என்ன சாமானியமானவளா, பி.எட். படித்தவள், கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் மற்றவர் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவள், தன் பிள்ளையைக் கோட்டை விட்டிருக்கிறாள். முதல் வகுப்பில் பள்ளிக்கூட வேனில் தினமும் வாந்தி எடுத்து வந்த பிள்ளையை நான் பார்த்துக்கிறேன் என்று நிறுத்தியபோது எத்தனை பேச்சு, மாதம்மாள் இன்றைக்குக் காலையில்கூட இந்த மாங்காய்களைக் கொட்டிவிட்டு, பாப்பாவ இந்த வருசமாச்சும் பள்ளிக்கொடம் அனுப்புவீங்களா, இல்ல வூட்டுலயே வெச்சுக் கலெக்டர் ஆக்கிருவீங்களா என்று வாயைக் கிளறினாள், ஆக்கிருவோமுங்க என்று சிரித்துச் சமாளித்தாயிற்று. புருஷன் அருள்குமாரிடம் அப்படிச் சமாளிக்க முடியாது. கடத்தூர்ப் பள்ளியில் ஒரே ஓர் இடம் இருக்கிறது, திங்கட்கிழமை கடைசி நாள், சேர்ப்பதா வேண்டாமா, நீயே முடிவு பண்ணு, பாப்பா நல்லா வாசிக்கறான்னா வூட்டுலயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறான். இன்றைக்குச் சேலத்திலிருந்து ரயிலில் வந்ததும் பதில் சொல்ல வேண்டும். நன்றாக வாசிக்கிறாள் என்று சொல்லிவிட்டால்? பொய்யாகுமா அது, சொல்லிவிட்டு இரண்டே மாதத்தில் உட்கார வைத்து நிஜமாகவே வாசிக்க வைத்துவிட்டால் பொய் மெய்யாகிவிடாதா... ஆண்டவரே, நாளைக்கு ஓய்வுநாள், இன்றைக்கு இந்த யோசனை.

ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் பேச்சுச் சத்தம், மாதம்மாளின் பேத்தி பாரதி புதுப் பாடப் புத்தகத்தோடு வந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்பு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, மூச்சு வாங்கி, தப்பாகச் சொல்லி, திரும்பப் போய்ச் சரி செய்து வாசிக்கிறாள். இந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு எத்தனை தடவை உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறாள் கலைமதி, எங்கே என் எப்சி, எங்கே இது என்று, வெட்கமாக இருக்கிறது, அந்தப் பிள்ளை முட்டி மோதினாலும் வாசிக்கிறதே. இன்னொரு வாட்டி படிடி என்கிறாள் எப்சி. நீதான் நல்லா படிப்பியாமே, நீயே படியேன் என்கிறாள் பாரதி. கலைமதியின் கையில் மாங்காய் அப்படியே நின்றது. பிறகு எப்சியின் குரல், ரகசியம் சொல்கிற குரல், ஆனால் ரகசியம் சொல்லத் தெரியாத பிள்ளை, தெருவுக்கே கேட்கிறது, "எனக்குப் படிக்க வராதுடி. எங்கம்மாட்ட சொல்லிறாத. பாவம், அழுவாங்க."

பாவம். பெற்றவளைப் பார்த்து எட்டு வயசு சொல்கிறது, பாவம். எழுந்து ஓடி அள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது, அள்ளினால் கேட்டுவிட்டது தெரிந்துபோகும், உட்கார்ந்தே இருந்தாள், எப்போது அழுதேன் இவள் முன்னால் என்று தேடினாள், தேட வேண்டியதே இல்லை, அது தானாக வந்து நின்றது. பிள்ளைக்கு ஆறு வயசு, ஒரு பக்கத்தை அரை மணி நேரம் தடவித் தடவி வாசித்தாள், அருள்குமார் பார்த்துவிட்டு, பேசாம ஸ்கூல்லயே வுட்ருக்கலாம் என்று சாதாரணமாகத்தான் சொன்னான், கலைமதி சமையற்கட்டில் போய்த் தேம்பித் தேம்பி அழுதாள், எப்சி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமே பிள்ளை தங்குதடை இல்லாமல் வாசித்தாள், கர்த்தர் செய்த அற்புதம் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னாள் கலைமதி, எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். ஒரு வாரத்தில் எந்தப் பிள்ளைக்காவது வாசிப்பு வந்துவிடுமா, டீச்சர் வேலை பார்த்தவளுக்கு அதுகூடவா தோன்றவில்லை...

கையைத் துடைத்தும் துடைக்காமலும் போனை எடுத்தாள், குழுவுக்கு அல்ல, அருள்குமாருக்கு. ரயில் சத்தத்துக்கு நடுவே, சொல்லு கலை, பொம்மிடி வரப்போவுது என்றான். அவள் ஒரே மூச்சில் சொன்னாள், "ஏங்க, பாப்பாவுக்குப் படிக்க வரலைங்க. எல்லாம் மனப்பாடம். நாந்தான் கவனிக்காம வுட்டுட்டேன்." அவன் மெதுவாக, "எனக்குத் தெரியும் கலை." தெரியுமா, எப்போதிலிருந்து? "பொங்கலுக்கு முந்தியே. ஸ்டேசன்ல போர்டக் காட்டி, என்ன எழுதியிருக்குடான்னு கேட்டேன். ஊரு பேருப்பான்னா." சிரிப்பு வந்தது அவனுக்கு, அவளுக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "பின்ன ஏங்க எங்கிட்ட சொல்லல?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ அழுவியேன்னுதான். நீயா பாத்துச் சொல்லட்டும்னு இருந்தேன். சரி, திங்கக்கெழமைக்கு என்ன செய்யலாம்?" நீங்க வாங்க, மூணு பேரும் உக்காந்து பேசலாம், அவளையும் கேக்கலாம் என்று வைத்தாள்.

அழுகை வந்தது, ஆனால் இந்தத் தடவை அதை வெளியே விடக் கூச்சமாக இருந்தது. அப்பனும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, ஆளுக்கொரு பக்கம் நின்று அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி காத்து வந்திருக்கிறார்கள், அவளோ இந்தக் குடும்பத்தையே தான்தான் தாங்குவதாக வாரா வாரம் முப்பது பேருக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறார்கள் இந்த இரண்டு பேரும், எவ்வளவு சிரமப்படுத்தியிருக்கிறாள் அவர்களை... போனில் குழு டிங் டிங்கென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆறு மணி ஆகியிருக்கும். வாசலில் செருப்பை உதறும் சத்தம், எப்சி ஓடி வந்தாள், ஏதோ சொல்ல வந்தவள் நிலைப்படியில் ஒரு கணம் நின்று முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பார்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள், அம்மா, பசிக்குது என்று. எத்தனை நாளாக இப்படிப் பார்த்துவிட்டுப் பேசுகிறாள் இந்தப் பிள்ளை?