இரண்டு நிறத்து ஹீத்

கிராம்பியன்ஸ் மலையடியில் ஊர்ப் பூக்கண்காட்சிக்கு முந்தின நாள், நோலாவின் ஹீத் என்ற பூஞ்செடி அவள் அள்ளி ஊற்றிய தண்ணீரிலேயே அழுகிச் செத்தது. மூன்று வருடமாக ஜெயித்து வீட்டில் வைத்திருந்த பரிசுக் கோப்பையை விட்டுக்கொடுக்க மனசு வருமா? மறுநாள் விடிகாலைப் பனிமூட்டத்தில் பக்கத்து வீட்டு ஹில்டாவின் வேலிக்குள் கையை விட்டு, அகப்பட்ட கிளைகளை ஒடித்துத் தொட்டியில் செருகினாள்.

நடுவர் கிளைவ் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். "ஹீத்னா ஒரு செடி ஒரு நிறம்தானே பூக்கும்! இதுல வெள்ளையும் ரோஸும் சேர்ந்து பூத்திருக்கே! கோப்பை உனக்குத்தான் நோலா. நம்ம பூச்செடிச் சங்கத்துல ஆளுக்கொரு கிளை குடுத்துடு, நட்டுப் பார்க்கட்டும்."

நோலா தொட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாவம், அவளை ஏன் சிரமப்படுத்துறீங்க?" என்றாள் ஹில்டா. "என் வேலியோரமா வாங்க. ரெண்டு செடியும் அங்கதான் மொட்டையா நிக்குது."