துணியில் கட்டிய நகர மன்றம்

நகர மன்றத்தின் மாடிப்படி ஒரு நாள், பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. "எப்பவும் இதைவிட லேட்டாத்தான் விடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் மேயருக்கு உதறல் எடுத்துவிட்டது. பழைய சதுக்கத்தில், தீயணைப்பு நிலையம் தீப்பிடித்து எரிந்துபோன காலி மனையில், புது நகர மன்றம் கட்டுவதென்று முடிவானது.

வேலை கிடைத்தது அதே ஊரில் பிறந்து வளர்ந்த கட்டடக்கலை படித்த பெண் ஒருத்திக்கு. கல்லும் கண்ணாடியுமாக, சாம்பல் நிறத்தில், அடக்கமான மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை வரைந்தாள். சுற்றியிருந்த பழைய வீடுகளின் உயரத்தை மீறாமல், அவற்றின் ஜன்னல் வரிசையையே பின்பற்றி, பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். அட்டையில் மாதிரி செய்து கூட்டத்துக்கும் எடுத்துப்போனாள்.

அங்கே பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றபின் பழமைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராகிவிட்ட மனிதர். மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சோப்பு டப்பாதான் டவுன் ஹாலா?"

"அதைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க டாக்டர்."

"எப்படிப் பிடிச்சாலும் டப்பாதாம்மா. சதுக்கத்தைச் சுத்தி எல்லாம் பழைய பல்லு. நடுவுல நீ தங்கப்பல் கட்டுறேங்கிற. வாயைத் திறந்தா அது மட்டும்தானே தெரியும்?"

மேயர் குறுக்கே புகுந்தார். இந்த மேயரை ஊரில் யாரும் மேயர் என்று சொல்வதில்லை. 'ஆகட்டும்' என்றுதான் சொல்வார்கள். யார் எது கேட்டாலும் அந்த ஒரே பதில்தான். "கட்டடம் புதுசா இருக்கணும். ஆனா புதுசா ஒண்ணு இருக்குன்னே தெரியக் கூடாது. அவ்வளவுதானே டாக்டர்? ஆகட்டும்."

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. வரைபடத்தைப் பார்த்து இவர்களுக்குப் புரியப்போவதில்லை என்று தெரிந்தது. அதனால், அந்த மனையிலேயே கம்பு நட்டுத் துணி கட்டி, நிஜ அளவில் ஒரு மாதிரி எழுப்பிக் காட்டுவதாகச் சொன்னாள். ஒரு மாதம் நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

"ஆகட்டும்" என்றார் மேயர்.

அவளுடைய அண்ணனுக்குப் பந்தல் போடுவதுதான் தொழில். சாம்பல் நிறத் துணி வேண்டுமென்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். விடிந்ததும் சதுக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், கட்டடம் முழுக்க ரோஸ் கலரில் பளபளத்துக்கொண்டு நின்றது. கூரை வேறு நடுவில் தொப்பை போட்டுத் தொங்கியது.

"அண்ணே, என்ன இது?"

"டவுன் ஹால்தாம்மா."

"நான் சாம்பல் கேட்டேன்."

"சாம்பல்ல யாரும்மா பந்தல் போடுவாங்க? பவுடர் கம்பெனி கண்காட்சிக்குத் தெச்ச துணி. நல்ல துணி. தொட்டுப் பாரு."

"சரி, இந்தத் தொப்பை? என் படத்துல கூரை தட்டையா இருக்கு!"

"படத்துல காத்து அடிக்குதா? இழுத்துக் கட்டினா பறந்துடும். கொஞ்சம் தொங்கவிட்டாத்தான் நிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கீழ மறைப்புக்குத் துணி பத்தலை. அதனால சுத்தி அப்படியே விட்டுட்டேன். யார் குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றான்.

அவள் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருட உழைப்பு, கண்ணெதிரே ரோஸ் கலரில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது பையும் கையுமாக ஒரு அம்மாள் வந்தார். உள்ளே சாக்கட்டியால் 'கவுன்ட்டர்' என்று கோடு போட்டிருந்த இடத்தில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். சிறிது நேரத்தில் வரிசை தெருமுனை வரை போய்விட்டது.

அவள் ஓடினாள். "அம்மா, இது சும்மா மாதிரிம்மா. இங்க யாரும் வேலை பாக்கலை."

"பரவாயில்லம்மா. அங்கயும் அப்படித்தான். இங்க நிழலாவது இருக்கு."

மதியத்துக்குள் பிறப்பு இறப்புப் பதிவு குமாஸ்தா தன் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய கட்டடத்தில் மின்விசிறி சுற்றுவதில்லை. இங்கே நாலு பக்கமும் காற்று. அவரைப் பார்த்துக் குடிநீர்ப் பிரிவு வந்தது. குடிநீரைப் பார்த்துத் தெருவிளக்கு வந்தது. ஒரு ஜோடி பதிவுத் திருமணமே செய்துகொண்டது. பந்தலின் ரோஸ் நிறம் மாப்பிள்ளைக்கு எடுப்பாக இல்லையென்று பெண்ணின் அத்தை மட்டும் முணுமுணுத்தார். அந்த வாரக் கடைசியில் மேயரின் நாற்காலியும் வந்து சேர்ந்தது.

பல் டாக்டர் முதல் நாள் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கத்தான் வந்தார். கால் வலிக்கிறதென்று தொப்பைக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல காற்று. கண் சொக்கியது. மறுநாள் தலையணையோடு வந்தார்.

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தன் படத்தை ஒருவர்கூடப் பாராட்டவில்லை. துணி பற்றாமல் அண்ணன் விட்டுவைத்த திறப்பை ஊரே கொண்டாடுகிறது. ஆனாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு தினமும் ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தாள். எந்தப் பக்கமிருந்து ஆட்கள் நுழைகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள், வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் குறைந்தது. அவளையறியாமலே படம் மாறிக்கொண்டிருந்தது.

மாதம் முடிந்ததும் அண்ணன் துணியை அவிழ்க்க வந்தான். ஏணியை வைத்ததுதான் தாமதம், டாக்டர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து குறுக்கே நின்றார்.

"கை வெச்சே, நடக்கிறதே வேற! இது இந்தச் சதுக்கத்தோட அடையாளம்!"

"டாக்டர், இது வந்து ஒரு மாசம்தான் ஆகுது" என்றாள் அவள்.

"அதனாலென்ன? பால் பல்லும் பல்லுதானேம்மா?"

"இதை எடுத்தாத்தானே அங்க கட்டடம் கட்ட முடியும்?"

"கட்டு. யார் வேண்டாம்னா? இதை மட்டும் தொடாதே."

அவள் மேயரைப் பார்த்தாள். "ஆகட்டும். இதுவும் இருக்கட்டும், அதுவும் வரட்டும்" என்றார் அவர்.

பழமைப் பாதுகாப்புக் குழு உடனே கூடி, பந்தலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. தொப்பையில் தண்ணீர் சேர்ந்தது. புதுக் கட்டடத்தைப் பற்றி இறுதி முடிவெடுக்க அதற்கு நேர் கீழே கூட்டம் போட்டபோது, கூரை அவர்களின் தலையை முட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"அண்ணே, ஒரு கம்பால மேல உந்தித் தண்ணிய ஓரமா தள்ளிவிடேன்!" என்று அவள் பதறினாள்.

"நான் தொட மாட்டேம்மா. சின்னம்."

"முறைப்படி தீர்மானம் வரட்டும்" என்றார் டாக்டர், தலையைச் சாய்த்துக்கொண்டு. "தண்ணீரை அகற்றப் பந்தலைத் தொடலாம் என்பவர்கள் கையைத் தூக்கலாம்."

"ஆகட்டும்" என்று மேயர்தான் முதலில் கையைத் தூக்கினார். அந்தக் கையில் குடை இருந்தது. குடைக்கு முனை இருந்தது.

டமார் என்றொரு சத்தம். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது குமாஸ்தா மேசையில் மிதந்துகொண்டிருந்தார். மேயர் ரோஸ் துணிக்குள்ளிருந்து "ஆகட்டும், ஆகட்டும்" என்று கத்தினார். டாக்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீருக்குள் கண்ணால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பல் பார்த்தவருக்கு இருந்தது பல்செட் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் நனைந்த புடவையோடு எழுந்து நின்றாள். புதுப் படத்தை நனையாத மெழுகுத்துணி உறையிலிருந்து எடுத்தாள். கீழ்த்தளம் நாலு பக்கமும் திறந்தபடி; மேலே மெல்லிய ரோஸ் கல்; நடுவில் தொங்கும் கூரை, அதிலிருந்து தண்ணீர் இறங்க நல்ல அகலமான குழாய்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு நிறைய இருந்தது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. புருவத்தை உயர்த்தினார், தாழ்த்தினார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். பல்செட்டைக் கண்டெடுத்துக் கொடுத்தது அவள்தான். தீர்மானம் நிறைவேறிய பிறகு.

கட்டடம் எழும்பி, திறப்பு விழாவும் முடிந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வாரம் அண்ணன் அவள் அலுவலகத்துக்கு வந்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் நூலகம் கட்டப்போகிறார்களாம்; அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"நீயா அண்ணே? என்ன சொன்னே?"

"ஒத்துக்கிட்டேன். பச்சைத் துணி நிறைய கிடக்கு" என்றவன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பென்சில் டப்பாவைக் குடைந்தான். "இந்தப் படம் வரையறதுன்னா, முதல்ல கதவுல இருந்து ஆரம்பிக்கணுமா, கூரையில இருந்தாம்மா?"