ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்

ஊராட்சி அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன். மனிதர்களைப் பிடித்துக் கட்டங்களுக்குள் அடைக்கிற இந்த வேலை எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. வடகோடிப் பனிப்பிரதேசத்தில், ஹத்தங்கா ஆற்றங்கரையில் முந்நூறு பேர் இருக்கிற ஊர் எங்களுடையது. பெரும்பாலும் டோல்கன் பழங்குடியினர். இரண்டு எவென்கி குடும்பங்கள். போர்க்காலத்தில் வோல்கா பக்கமிருந்து மூட்டை முடிச்சோடு கொண்டுவந்து கொட்டப்பட்ட ஜெர்மானியர்களின் பேரப்பிள்ளைகள். அதில் நானும் ஒருத்தி. கடை வைத்திருக்கிற ரவ்ஷன் அஜர்பைஜான்காரன். எல்லோரும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர். மாஸ்கோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் நாங்கள் தனித்தனி எண்கள்.

அவர்கள் கணக்கில் ஐம்பதாயிரம் பேருக்குக் கீழே இருக்கிற வடக்கத்தி இனத்துக்குத்தான் சலுகை. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொள்ளலாம். ஏறாதவன் வலை போட்டால் திருடன்.

ஊரே அண்ணன் என்று கூப்பிடுகிற ப்ரோகோபியின் பெயர் ஏறவில்லை. அவரும் அவர் அக்கா மார்ஃபாவும் ஒரே தாய் வயிற்றில், ஒரே கூடாரத்தில் பிறந்தவர்கள். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் டோல்கன் என்று இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து இவர் பிறந்தபோது வேறு எவனோ குமாஸ்தா இருந்திருக்கிறான். பேச்சு யாகுத் மொழி மாதிரி காதில் விழுந்ததாம். யாகுத் என்று எழுதித் தொலைத்துவிட்டான். யாகுத்துகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

"நான் அதிகமா இருக்கேனாம், ஜோயா" என்றார் அண்ணன், கடிதத்தை என் மேசைமேல் போட்டு. "என்னை எண்ணிப் பாரு. எத்தனை பேர் தெரியுறேன்?"

"ஒருத்தரே தாங்க முடியல" என்றேன். சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. செப்டம்பரில் வெள்ளைமீன் கூட்டம் ஆற்றில் ஏறும். அந்த மூன்று வாரத்தில் பிடிப்பதுதான் அவருக்கும் மனைவி தோராவுக்கும் ஐந்து நாய்களுக்கும் ஜூன் வரை சோறு. விட்டால் ரவ்ஷன் கடை நூடுல்ஸ்தான் கதி.

மேல்முறையீடு எழுதிப் போட்டேன். ஆள் நிஜமாகவே பரம்பரை வாழ்க்கை வாழ்கிறாரா என்று நேரில் பார்க்க அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. வந்தவர் வதீம் அர்க்காதியெவிச், மீன்வளக் காவல் அதிகாரி. மாவட்டத்தில் படகு அவரிடம்தான் இருந்தது, அதனால் அந்தப் படிவத்தையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 

நான்தான் அவரை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் மேசையைப் பார்த்தேன்.  இரண்டு பெரிய நெல்மா மீன், பிடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தோரா பச்சையாகவே துண்டு போட்டு, உப்பும் வெங்காயமும் பிசைந்துகொண்டிருந்தாள்.

அண்ணனை ஓரமாக இழுத்தேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்த ஆளு யாருன்னு தெரியுமா, தெரியாதா?"

"விருந்தாளி" என்றார். "விருந்தாளி வர்றான்னு நீதானே சொன்னே? வெறும் டீயைக் கொடுத்து அனுப்பச் சொல்றியா? என் அப்பன் பேரைக் கெடுக்கவா?"

எங்கள் பக்கம் வீடு தேடி வந்தவன் வாயில் மீன் வைக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் அப்படித்தான். தோரா வழக்கப்படி முதல் பங்காகக் கொழுப்புத் துண்டு ஒன்றை அடுப்பு நெருப்புக்குப் போட்டாள். அடுத்து அடிவயிற்றுச் சதையை அதிகாரியின் தட்டில் வைத்தாள். அது வீட்டிலேயே நல்ல துண்டு.

அதிகாரி சாப்பிட்டார். அப்படி ஒரு சாப்பாடு! மோவாயில் எண்ணெய் வழிய, விரலை ஒவ்வொன்றாகச் சப்பி, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று மூன்று தடவை தட்டை நீட்டினார். நானும் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன்? நாக்கு ஊறும்போது புத்தி எங்கே வேலை செய்கிறது!

வாயைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மேல்முறையீட்டுக்காக அவரிடம் கொடுத்தனுப்பிய படிவம் இல்லை அது. வேறு.

"மீன் இன்னிக்குப் பிடிச்சதா?"

"காலையில, தலைவரே. உங்களுக்காகவே."

"எதுல பிடிச்சீங்க?"

"வலையிலதான். எங்கப்பா பின்னுன மாதிரியே நானே பின்னுனது." அண்ணன் முகத்தில் அவ்வளவு பெருமை. கேள்விகள் பரம்பரை வாழ்க்கையைப் பற்றித்தான் என்று நினைத்துவிட்டார்.

"என்ன இனம்?"

"டோல்கன்."

சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். குற்றம் செய்தவர் சொல்லும்போது யாரும் சான்றிதழ் கேட்பதில்லையே. அனுமதியின்றி மீன் பிடித்த வழக்கு. வலை பறிமுதல், படகு பறிமுதல், அபராதம் தனி. சாட்சி என்ற இடத்தில் ஊராட்சி ஊழியர் என்று என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

"தலைவரே, தின்ன எச்சில்கூட இன்னும் காயலையே" என்றேன்.

"சாப்பாடு வேற, டியூட்டி வேறம்மா" என்றார். மீதி மீனைப் பையில் போட்டுக்கொண்டார். தடயமாம்.

 தோரா அவர் சாப்பிட்ட தட்டை வெளியே கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெகுநேரம் தேய்த்தாள்.

அன்று இரவு கோபத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சர்க்கார் அண்ணனைப் பற்றித் தன் கையால் டோல்கன் என்று எழுதிய ஒரே காகிதம் அந்த வழக்குக் காகிதம்தான். கையால் பின்னிய வலை, தகப்பன் வழித் தொழில், எல்லாம் முத்திரையோடு இருந்தது. நகலெடுத்து, மேல்முறையீட்டோடு சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஏற்றுக்கொண்டார்கள்! பிறப்புச் சான்றிதழை நம்பியவர்கள், இப்போது திருட்டு வழக்கை நம்பினார்கள். பதிவேட்டுச் சான்றிதழ் அக்டோபர் கடைசியில் தயாரானது. அதற்குள் மீன் கூட்டம் போய்விட்டிருந்தது. ஆறு உறைந்து, அதன்மேல் லாரி ஓட ஆரம்பித்துவிட்டது. பனிக்கடியில் போடலாம் என்றால் வலையும் இல்லை. அது மாவட்டக் கிடங்கில் கிடக்கிறது, விசாரணை முடியவில்லையாம்.

சான்றிதழைக் கொண்டுவந்தவரும் அதே வதீம் அர்க்காதியெவிச்தான், பனிவண்டியில். நேரில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். இந்தத் தடவையும் நான் கூடப் போனேன். "வாழ்த்துகள், ப்ரோகோபி யெகோரிச்! இனிமே நீங்க சட்டப்படி டோல்கன்" என்று கோட்டைக் கழற்றி, மேசைமுன் உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டார். கண் சமையல் பக்கமே போனது.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். எழுந்து போய், ரவ்ஷன் கடைத் தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். எண்ணெயில் ஊறிய மத்தி. தோரா நெருப்புக்கு எதையும் போடவில்லை.

"சாப்பிடுங்க தலைவரே" என்றார் அண்ணன். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்தார். "பில்லு இருக்கு."

வதீம் அர்க்காதியெவிச் சீட்டை எடுத்துத் தேதியைச் சரிபார்த்தார். அப்புறம்தான் டப்பாவைத் திறந்தார்.