வலப்பக்கம் காலி

மூன்று பேரும் சவப்பெட்டியின் இடப்பக்கமே வந்து நின்றார்கள். முன்னால் ஹார்கஸ், நடுவில் லாக்ஸ்டன், கடைசியில் வின்யார்ட். மூவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. கறுப்புக் கோட்டு, பள்ளிக்கூடத்து நீல டை, மழைக்கு உதவாத மெல்லிய ஷூ. வலப்பக்கம் ஈ காக்கை இல்லை.

தேவாலயத்தில் பாட்டும் ஜெபமும் முடிந்து பெட்டி வாசல் முகப்புக்கு வந்திருந்தது. இங்கிருந்து கல்லறைக்கு மேட்டுப் பாதை, புல் நனைந்து வழுக்கியது. சவ அடக்க ஏற்பாட்டைப் பார்க்கும் ஷெரில், பெட்டியைத் தாங்கிய சக்கர வண்டியின் பிரேக்கில் காலை வைத்தபடி ஜூடித்தைப் பார்த்தாள். ஜூடித் கிழவர்களைப் பார்த்தாள். பெட்டிக்குள் இருந்தது அவளுடைய அப்பா, டெனிஸ் பென்ஃபோல்ட்.

"அங்கிள், யாராவது அந்தப் பக்கம் வாங்களேன்."

"அது எங்க பக்கம் இல்லம்மா," என்றார் ஹார்கஸ்.

ஆஸ்வின் பள்ளியின் எட்டுப் பேர் படகில் அவர்கள் 1958-இல் துடுப்புப் போட்டவர்கள். ஒருவருக்கு ஒரு துடுப்புதான். நாலு துடுப்பு இடப்பக்கம், நாலு துடுப்பு வலப்பக்கம். அந்த வருஷம் செவர்ன் ஆற்றில் அவர்களை ஜெயிக்க ஆளில்லை. அதற்குப் பிறகு ஒருவர் பல் வைத்தியரானார், ஒருவர் விதை வியாபாரி, ஒருவர் மூன்று கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் எங்கே போனாலும், பழைய மாணவர் சங்க விருந்தானாலும் சரி, ரயில் பெட்டியானாலும் சரி, அந்தந்தப் பக்கத்து ஆள் அந்தந்தப் பக்கம்தான் உட்காருவான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சொல்வதற்கு இவர்களைத்தான் காட்ட வேண்டும்.

எமனும் ஏதோ அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவன் போலவே வேலை பார்த்திருந்தான். இடப்பக்கத்தில் ஒருவரைத்தான் கொண்டு போயிருந்தான். வலப்பக்கத்தில் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்து, கடைசியாகப் போன வாரம் அப்பாவையும் எடுத்துவிட்டான். அது இந்த நிமிஷம் வரை யாருக்கும் உறைக்கவில்லை. ஹார்கஸ் போனில், "ஆறு பேர்தானே, நாங்க பார்த்துக்கறோம், நீ கவலைப்படாதே" என்று சொல்லியிருந்தார். தன் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு வரவும் செய்தார். வலப்பக்கத்து ஆட்களைக் கூட்டி வருவது அறுபது வருஷமாகப் பென்ஃபோல்டின் பொறுப்பு. வழக்கம்போல அதை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

இதைச் சொல்லவே ஹார்கஸுக்கு நாக்கு எழவில்லை. பிம்தான் சொன்னார். பிம் அந்தப் படகின் சுக்கான் பிடித்தவர். ஒல்லியாக, ஐந்தடிக்கும் கீழே, கைத்தடியோடு ஓரமாக நின்றார்.

"செத்தவனையே ஆள் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கோம்டா."

ஜூடித்துக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது செவ்வாய்க்கிழமை மத்தியானம். டப்பா பீச் பழத்தைக் கஸ்டர்டில் போட்டு அவள் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போகாதே. பசங்க தூக்கட்டும்."

பசங்க. அவள் சரி என்றாள். பீச் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருந்ததால் கொல்லையில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். எண்பத்திரண்டு வருஷம் வாழ்ந்த மனிதர் தன்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்பது அவளுக்கு நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அது நடந்தே ஆகவேண்டும்.

ஷெரில் தணிந்த குரலில், தன்னோடு வந்த மூன்று ஆட்கள் கைகொடுப்பார்கள் என்றாள். ஹார்கஸ் அவர்களை மேலும் கீழும் பார்த்தார். ஆஸ்வின் சங்கத்து ஆளை ஆஸ்வின் பிள்ளைகளே தூக்க வேண்டும், அதுதான் முறை. எந்தப் பள்ளி என்று விசாரித்தார். மூன்று பேருமே ஆற்றுக்கு அந்தக் கரைப் பள்ளியின் பெயரைச் சொன்னார்கள், ஆஸ்வின் படகின் பரம்பரை எதிரி. வின்யார்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மந்தமான லாக்ஸ்டனுக்கு அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. காதில் விழுந்ததும் அவரும் திருப்பிக்கொண்டார்.

"அப்ப வண்டியிலதான் கொண்டு போகணும்," என்றாள் ஷெரில். அதில் கோபமில்லை, மழை மறுபடி வருமே என்ற கவலைதான்.

"வண்டி வேண்டாம்," என்றாள் ஜூடித். "நான் தூக்கறேன். நானும் அந்தப் பள்ளிதான்."

வின்யார்ட் தன் நீல டையைத் தொட்டுப் பார்த்தார்.

ஆஸ்வின் நானூறு வருஷம் ஆண்பிள்ளைகளின் பள்ளி. பரீட்சை எழுதித் தேறியவனுக்குத்தான் இடம். 1977-இல் அரசாங்கம் கதவைத் திறந்துவிடச் சொன்னது. ஊர்ப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், பெண்களும் வரலாம். அந்த செப்டம்பரில் உள்ளே நுழைந்த முதல் பெண்பிள்ளைகளில் ஜூடித்தும் ஒருத்தி. அன்று காலை அப்பாதான் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி நீல டை கட்டிவிட்டார். சங்கத்தின் கட்சி வேறு. அவர்களைப் பொறுத்தவரை பள்ளிக்கூடம் அந்த வருஷமே முடிந்துவிட்டது. அதன்பிறகு அந்தக் கட்டடத்தில் நடப்பது வேறு ஏதோ. புதியவர்களையும் சேர்க்கலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். பாத்திரம் துடைத்துக்கொண்டே அம்மா அதைச் சொன்னாள்.

ஜூடித் அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா போனபிறகும், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே மேஜையில் மாட்டிறைச்சி ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். பூனை, பக்கத்து வீட்டு வேலி, வெள்ளம் எல்லாம் பேசினார்கள். டை கட்டிய கையேதான் தனக்கு எதிராகத் தூக்கிய கை என்ற நினைப்பு மட்டும் அவளுக்குள் முள்ளாக இருந்தது. வலித்தது. இன்றைக்கும் வலித்தது.

"உங்களுக்கெல்லாம் அது கணக்குல வராதுன்னு தெரியும்," என்றாள். "அப்பாவும் வேண்டாம்னுதான் கை தூக்கினார்."

ஹார்கஸ் தன் ஷூவைப் பார்த்தார். மறுபடி பிம்தான் வாயைத் திறந்தார்.

"அவன் எங்கம்மா தூக்கினான்? ஹார்கஸ் தூக்கினான். இவன் படகுல தலைமைத் துடுப்பு. இவன் துடுப்பை எடுத்தா அடுத்த ஏழு பேரும் எடுக்கணும். இவன் ரெண்டாந்தரம் சூப் கேட்டா எல்லாரும் கேட்பானுங்க. அன்னிக்கும் இவன் கை மேல போச்சு, மத்தது எல்லாம் கூடவே போச்சு. உங்கப்பன் வீட்டுக்குப் போற வழியில என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பாலம் வரைக்கும் வந்துட்டு, 'பிம், ஜூடி கேட்டா நான் என்னடா சொல்வேன்'னான்."

"நான் கேட்கவே இல்லையே," என்றாள் ஜூடித்.

"அதான். அவனும் காத்துக்கிட்டே இருந்தான்."

"நீங்க தூக்கினீங்களா அங்கிள்?"

"எனக்கு ஏதும்மா துடுப்பு?" என்றார் பிம்.

ஹார்கஸ் தலையை நிமிர்த்தினார். பெரிய ஆள், முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஜூடித் பயந்தாள். அப்படி ஏதும் கேட்டால் தன்னால் இங்கே நிற்க முடியாது.

"உன் உயரம் என்ன?" என்று கேட்டார்.

"அஞ்சு பத்து."

"ஷூவோடயா?"

"வெறுங்காலோட."

"உங்கப்பனும் அவ்வளவுதான். அஞ்சு பதினொண்ணுன்னு எல்லாருக்கும் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். வா, எனக்கு எதிர்ல நில்லு."

அவள் போய் நின்றாள். பெட்டி மரத்தில் மெழுகு வாசனை அடித்தது. இப்போது வலப்பக்கத்தில் ஒருத்தி, இன்னும் இரண்டு பேர் வேண்டும். வின்யார்ட் வானத்தைப் பார்த்தார்.

ஷெரில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே, தான் தொண்ணூற்று மூன்றில் ஆஸ்வினை விட்டு வந்தவள் என்றாள். ஏதோ தப்புக் காரியத்தை ஒப்புக்கொள்கிற குரல். வேதியியலில் பரிசுகூட வாங்கியதாகச் சேர்த்துக்கொண்டாள். தொழில் தெரிந்தவள், தான் குட்டை என்று அவளுக்கே தெரியும். கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

"அப்ப கார்லும்தான்," என்றாள்.

கார்ல் குழி வெட்டுகிறவன். ஊர்க்காரர்கள் எல்லோரும் போகும்வரை மரத்தடியில் மறைந்து நிற்பது அவன் வழக்கம். கூப்பிட்டதும் மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு, பூட்ஸை ஈரப் புல்லில் தேய்த்துக்கொண்டே வந்தான். நாற்பது வயது, நல்ல உயரம்.

"நீயும் ஆஸ்வினா?" என்று கேட்டார் ஹார்கஸ்.

"அஞ்சு வருஷம் இருந்தேன். பாதி நாள் வகுப்புக்கு வெளியதான் நின்னேன்."

"பெரிய கூடத்துக்கு முன்னால, கல்லு பதிச்ச நடைபாதையிலயா?"

"ஆமா. குளிரு எலும்பைத் துளைக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் வின்யார்ட். அவர் அன்று பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

கார்ல் வின்யார்டுக்கு எதிரில் நின்றான். ஆறு பேர் ஆனார்கள். ஹார்கஸ் சுற்றிலும் பார்த்தார். வந்திருந்த கூட்டத்தில் மருந்துக்கடைப் பெண்ணும் தபால்காரரும் அப்பாவுக்கு ஊசி போட வந்த நர்ஸும் நின்றார்கள். அவர்களும் அந்தப் பள்ளிதான் என்று இப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பிம் கைத்தடியை ஊன்றி பெட்டிக்கு முன்னால் போய், ஹார்கஸின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். படகில் துடுப்புக்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர் பார்த்துப் பழகிய முகம் அது ஒன்றுதான். பின்னோக்கி நடக்கப் போகிறார் என்று புரிந்ததும் பாதிரியார் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கை வை," என்றார் பிம். ஒல்லி உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று ஜூடித் நினைக்கவில்லை. "இடுப்புக்கு. நில்லு. தோளுக்கு."

பெட்டி மேலே போனது. பாரம் தோளில் இறங்கியபோது அவளுக்கு மூச்சு நின்றது. நோயில் உருகிப் போன அப்பா இவ்வளவு கனப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் ஹார்கஸின் கை நீண்டு வந்து அவள் தோளைப் பற்றியது. அவளும் அவர் தோளைப் பற்றினாள்.

நடந்தார்கள். லாக்ஸ்டனின் மூச்சு துருத்தி மாதிரி இரைந்தது. மேட்டில் பாதி ஏறியதும் கார்ல் வழுக்கி, ஒரு முழங்கால் மடங்கி, சமாளித்தான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஜூடித் கால்களை எட்டிப் போட ஆரம்பித்தாள். எப்படியாவது மேலே போய்ச் சேர்ந்தால் போதும்.

"ஏழு, ஓடாதே," என்றார் பிம்.

யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. அவர் கண் அவள் மேல் இருந்தது.

"ஏழு, உன்னைத்தான். ஹார்கஸோட காலைப் பாரு. அவன் வச்சா நீ வை."

படகில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், உட்காரும் இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஏழு அப்பாவின் இடம். ஜூடித்துக்குக் கண் நிறைந்து பாதை கலங்கியது. துடைக்கக் கை இல்லை. கலங்கிய கண்ணோடே ஹார்கஸின் காலைப் பார்த்து, அவர் வைத்தபோது வைத்தாள். பின்னால் ஷெரிலும் கார்லும் அவள் நடையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி நேரானது. அதன்பிறகு அது ஆடவே இல்லை.

மேலே போய்ச் சேர்ந்து கயிற்றில் இறக்கினார்கள். பாதிரியார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜூடித் ஒரு பிடி மண் போட்டாள். லாக்ஸ்டன் ஒரு கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார். அவருக்கு ஷெரில் பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுத்தாள். குழியை மூட இன்னும் நேரமாகும், யாரும் அவசரப்பட வேண்டாம் என்றான் கார்ல். முதலில் ஒரு டீ வேண்டும் அவனுக்கு. சங்கத்தின் நவம்பர் மாத விருந்துக்கு அவன் வரவேண்டும் என்று வின்யார்ட் சொன்னார். ஆட்டுக்கறி செருப்புத் தோல் மாதிரி இருக்குமாம், ஆனால் கூடத்தில் இப்போது ஹீட்டர் போட்டிருக்கிறார்களாம்.

"வரலாமா?" என்று கார்ல் ஹார்கஸைப் பார்த்தான்.

"என்னை என்ன கேட்கறே?" என்றார் ஹார்கஸ். "மேட்டுல வழுக்கினப்பகூட என் தோழனை நீ கீழ விடலையே?"

தூறல் ஆரம்பித்தது. கூட்டம் முன்னால் இறங்கிப் போனது. பிம்மைப் பாதிரியாரே கைபிடித்து அழைத்துப் போனார். மற்ற ஆறு பேரும் கடைசியாக, வழுக்கலுக்குப் பயந்து மெதுவாக இறங்கினார்கள். ஹார்கஸ் சங்கத்தின் பழைய படகுத் துறைக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஏதோ சொன்னார். ஷெரில் தன் அண்ணன் ஓடு வேய்கிறவன் என்றாள். லாக்ஸ்டனுக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொன்னாள்.

ஜூடித் பாதி வழியில்தான் கவனித்தாள். இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் மூன்று பேர், இரண்டு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். பேசுவதற்கு வசதியாக யாரும் நெருங்கி வரவில்லை. நடுவில் ஒரு பெட்டியின் அகலத்துக்குப் புல் காலியாக இருந்தது, அதில் மழை பெய்துகொண்டிருந்தது.