சுருக்கிய வடிவம்

மாடியில் காயப்போட்டிருந்த அப்பாவின் இரண்டு வேட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு திவ்யலட்சுமி கைப்பேசியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இந்த நாவலை நேற்றுதான் வாசித்து முடித்தேன்" என்றாள். சொன்னது கொஞ்சம் தயங்கி, தமிழ் எழுத்துகளாகத் திரையில் வந்து விழுந்தது. முற்றுப்புள்ளியை மட்டும் அவளே விரலால் வைத்தாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்த, கைப்பேசிக்குள்ளிருந்த பெண் குரல் அதே வரியை அவளுக்குத் திருப்பிப் படித்துக் காட்டியது. சரியாகத்தான் வந்திருந்தது. அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தபோது அம்மா நாகலக்ஷ்மி ஈரத்துணி வாளியோடு படியேறி வந்தாள்.

"யாருட்டட்டீ பேசுகே?"

"யாருட்டயும் இல்ல. எழுதுகேன்."

"வாயால எழுதுகியா? கொள்ளாம்." அம்மா ஒரு துண்டை உதறினாள். "டப்பாவுல அப்பா எழுதி ஒட்டுனதையே ஒனக்கு வாசிக்கத் தெரியல்ல. நேத்து ரசத்துல சீரகம்னு சோம்பைப் போட்டே. நீ பொஸ்தகத்தப் பத்தி எழுதுகே. வாசிக்கவங்க பாவம்."

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னாள். திவ்யா வேட்டியை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். காது சுட்டது.

வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். வேதியியலில் எம்.எஸ்.சி. முடித்துவிட்டு, மிளகாய்த்தூளிலும் மஞ்சள்தூளிலும் கலப்படம் பார்க்கும் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். தமிழ் எழுத்துகள் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பு விடுமுறையில் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நாகர்கோவில் பேருந்தின் பலகையை, பேருந்து நின்றால், படித்துவிடுவாள். ஒரே 'க' நாலு விதமாக ஒலிப்பதில் குழம்பி, அடுத்த எழுத்தைப் பார்த்து, திரும்ப முதல் எழுத்துக்கு வந்து, ஒரு சொல்லைச் சேர்த்து முடிப்பதற்குள் போன சொல் மறந்துவிடும். அப்படி ஒரு பக்கம்கூட அவள் படித்ததில்லை. ஆனால் கதை வேண்டும். ஆகவே கேட்டாள். நாவல்களைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, குடுவைகளைக் கழுவும்போதும் பேருந்திலும் காதில் மாட்டிக்கொண்டு, துப்பறியும் கதை, குடும்பக் கதை, பேய்க் கதை என்று ஒன்றும் விடாமல் கேட்டாள்.

கேட்டதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நேரில் பேச அவளுக்கு நாக்கு எழாது. அப்படித்தான் அந்த வலைப்பக்கம் தொடங்கியது. 'கொலைகாரன் யார் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தின்னும் உளுந்தவடைக்காகத்தான் கடைசிவரை வாசித்தேன்.' 'இந்த நாவலின் கதாநாயகனுக்குக் கோபம் வந்தால் தாடை இறுகும். பக்கத்துக்கு ஒருமுறை இறுகுகிறது. முடிவில் அவனுக்குக் கல்யாணம் நடக்கிறது. நடக்க வேண்டியது பல் வைத்தியம்.' திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிக்கனமான நடை என்று புகழ்ந்தார்கள். வாக்கியம் நீண்டால் கைப்பேசிக்குப் பிடிபடாது, அதனால்தான் சிக்கனம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். 'கேட்டேன்' என்று ஒரே ஒருமுறை எழுதியிருந்தால் போதும். முதல் பதிவில் 'வாசித்தேன்' என்று வாய்தவறி வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை அவள் மற்றவற்றைவிட மெதுவாகச் சொன்னாள்.

'அடுக்களைச் சாவி' என்ற நாவலைப் பற்றி மட்டும் அவள் கேலி எதுவும் எழுதவில்லை. புருஷன் வீட்டை விட்டுப் போன ஒருத்தி சில மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறாள். வாசலில் நிறுத்தி மாமியார் கேட்கிறாள்: "இப்பம் எதுக்கு வந்தே?" அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவள் உள்ளே இருக்கிறாள், அடுப்பு எரிகிறது. பேருந்தில் அதைக் கேட்ட திவ்யா அந்த அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அன்றைக்கு மாடியில் நின்று சொன்னாள்: 'அந்தக் கேள்விக்கு ஆசிரியர் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இது இன்னொரு குடும்ப நாவல். எழுதாமல் விட்ட அந்த இடத்துக்காக இதை இரண்டு தடவை வாசித்தேன்.'

அந்தப் பதிவுதான் அவளைப் பழவங்காடிக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒரு மாடி அறையில் கூடும் தமிழ் வாசகர் வட்டத்தை நடத்துகிறவர் தாணுமாலயன், ஓய்வுபெற்ற கணக்காளர், அப்பாவுக்குப் பழக்கமானவர். 'அடுக்களைச் சாவி'யை எழுதிய பொன்செல்வி நாகர்கோவிலிலிருந்து வருகிறார், நீயும் வந்து பேசவேண்டும் என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பெருமை. கூட்டத்தன்று இவள் வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மா, "அங்க வல்லதும் வாசிக்கச் சொல்லுவாவளாட்டீ?" என்று கேட்டாள். "இல்ல, பேச்சு மட்டும்தான்" என்று திவ்யா சொன்னாள்.

பொன்செல்வியை ஏதோ பெரிய ஆளாக அவள் நினைத்து வைத்திருந்தாள். கூட்டத்துக்கு முன்னால், அங்குள்ள கணபதி கோயிலுக்கு எதிர்வரிசை ஓட்டலில் எதிரே வந்து உட்கார்ந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கைத்தறிச் சேலையின் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவளுக்கும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம்போல. தேநீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"நீங்க எழுதுனத எத்தன தடவ வாசிச்சேன்னு தெரியாது மக்ளே. எல்லாரும் 'அருமை, அடுத்தது எப்ப'ன்னு எழுதுவாங்க. நீங்கதான் வலிக்காம ஊசி போட்டீங்க."

திவ்யாவுக்குப் புரியவில்லை. "ஊசியா?"

"அதாக்கும் அந்த மாமியார் கேக்க இடம். அவ பதில் சொல்லுகத நாலு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கேன். நீங்க அது இல்லாத மாதிரியே எழுதியிருந்தீங்க. முதல்ல வாசிச்சப்போ ஒண்ணும் ஓடல்ல. என்னடா இது, புள்ள பக்கத்தத் தள்ளிட்டாளான்னு நெனச்சேன். பொறவுதான் வெளங்குச்சு. இத எடுத்திரு, இது வேண்டாம்னு மொகத்துக்கு நேர சொல்லாம, இப்பிடிச் சொல்லியிருக்கீங்க." அவள் சிரித்தாள். "உள்ளதச் சொன்னா அந்த நாலு பக்கத்த எழுதத்தான் நாவலையே தொடங்குனேன். அவ சொல்லுகது எல்லாம் நான் ஒரு காலத்துல சொல்லாம விட்டது. அதனால எனக்கு அது பெருசாத் தெரிஞ்சிருக்கு. வாசிக்கவங்களுக்கு அப்பிடி இல்லேல்லா. திங்கக்கிழம ரெண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகுது. எடுத்திரலாம்னு பதிப்பாளர்ட்ட சொல்லியாச்சு. உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா மனசு உறுதியாயிரும்."

தேநீர் ஆடை கட்டியிருந்தது. "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு திவ்யா எழுந்து பின்பக்கம் கைகழுவும் இடத்துக்குப் போனாள். செயலியைத் திறந்து நாவலின் படத்தைத் தொட்டாள். படத்துக்குக் கீழே தமிழில் ஏதோ சின்ன எழுத்தில் எப்போதும் இருக்கும். தமிழில் இருந்ததால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பெரிதாக்கி, சுவரோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தாள். சு. ரு. க். கி. ய. பிறகு வ. டி. வ. ம். சேர்த்து முடித்தபோது குழாயை மூடாமல் விட்டிருந்தது தெரிந்தது.

திரும்பி வந்தபோது சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அதற்குள் தாணுமாலயன் வந்து மேசையருகே நின்றிருந்தார். "வரணும், வரணும், ஆளெல்லாம் வந்தாச்சு. இவளாக்கும் கேட்டேளா, நம்ம வலியசாலைப் பிள்ளை. மலையாளம் படிச்சு வளந்த பிள்ளை, தமிழ்ல என்னமா வாசிக்கா!"

கூட்டத்தில் அவள் பேசியது சில நிமிடங்கள்தான். மடியில் கைகளைப் பின்னிக்கொண்டு, முன்வரிசையில் யாருடைய முகத்தையும் பார்க்காமல், அடுப்பு எரியும் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னாள். அந்த வாசலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழே கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கை தட்டினார்கள். பொன்செல்வி கையெழுத்திட்ட ஒரு பிரதியைத் தாணுமாலயன் அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"அதுல ஒரு பக்கம் நீயே வாசிச்சிரு மோளே. எது பிடிச்சிருக்கோ அது."

புத்தகம் கையில் கனத்தது. ஏதோ ஒரு பக்கம் திறந்தது. எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஸார், எனக்குத் தொண்ட சரியில்ல."

"ஐயோ, பேசும்போ நல்லா இருந்தே அல்லே?"

"இப்பம்தான் பிடிச்சிட்டு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உண்மையாகவே கரகரத்தது. பொன்செல்வி தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றி, கூட்டத்தின் நடுவே எழுந்து வந்து அவளிடம் கொடுத்தாள். "ஜீரகம் போட்டது. மெள்ளக் குடிங்க." திவ்யா குடித்தாள். வெந்நீர் தொண்டையைப் பொசுக்கிக்கொண்டு இறங்கியது. அந்தப் பக்கத்தைத் தாணுமாலயனே கணீரென்று வாசித்தார்.

கூட்டம் கலைந்ததும் பொன்செல்வியை ரயில் ஏற்றிவிட அவள் தம்பானூர் வரை நடந்தாள். போகவேண்டிய அவசியம் இல்லை, ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்று தாணுமாலயன் சொன்னார். அவள்தான் வருகிறேன் என்றாள். வழியெல்லாம் வாகனங்கள். ஓவர்பிரிட்ஜ் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஓவர்பிரிட்ஜ் வந்தது. ஸ்டேஷன் வாசலில் சொல்லலாம் என்று நினைத்தாள். எப்படித் தொடங்கினாலும் முதல் வாக்கியத்தில் 'நான் வாசிக்கல்ல' என்று வந்தது. அதற்குப் பிறகு பொன்செல்வியின் முகம் எப்படி மாறும் என்பதுவரை யோசித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பேசாமல் இருந்துவிட்டாலும் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. புதிய பதிப்பும் தன் பதிவும் அச்சுப்பிசகாமல் பொருந்திப்போகும். அந்த எண்ணம் வந்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சோதனைக்கூடத்தில் மஞ்சள்தூளில் சாயம் காட்டும்போது முகம் சுளிப்பவள் அவள்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. பொன்செல்வி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"பதில் சொல்லலியே மக்ளே. எடுத்திரட்டா?"

திவ்யா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரும்பு சூடாக இருந்தது.

"அக்கா, அந்த நாலு பக்கத்துல என்ன இருக்கு?"

பொன்செல்வி சிரிக்கப்போனாள். கேலி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நீங்க வாசிக்கல்லியா?"

"கேட்டேன். போன்ல. அதுல அந்தப் பக்கம் இல்ல. சுருக்கிட்டாங்க. கீழ எழுதியிருந்திருக்கு, நான்…" நாக்கு ஒட்டிக்கொண்டது. "எனக்குத் தமிழ் வேகமா வாசிக்கத் தெரியாதுக்கா. தொண்டைக்கு ஒண்ணும் இல்ல."

மலையாளத்திலும் இந்தியிலும் மாறி மாறி ஏதோ அறிவித்தார்கள். பொன்செல்வி பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. கோபப்படுவாள் என்று திவ்யா நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பதிப்பாளர்ட்ட சொன்ன அன்னைக்கு நான் சோறு திங்கல்ல" என்றாள் பொன்செல்வி, அவளைப் பார்க்காமல். பிறகு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள். திவ்யா புத்தகத்தைக் கொடுத்தாள். பொன்செல்வி தேடவில்லை, கை தானாகப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தது. திறந்தபடியே திருப்பி நீட்டினாள்.

"வாசிங்க."

"இங்கேயா?"

"இங்கதான்."

பெட்டிக்குள் எதிர் இருக்கையில் இருந்தவர் பலாச்சுளை தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திவ்யா புத்தகத்தை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, முதல் எழுத்துக்கு அடியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒரு கொம்பு. அதற்கப்புறம் ஒரு 'ச', ஒரு கால். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரு ஒலியாக்க வேண்டும்.

"சொ" என்றாள். "சொல். லு."

பொன்செல்வி கண்களை மூடிக்கொண்டாள். அவளுடைய உதடுகள் முன்னாலேயே அந்தச் சொல்லை முடித்துவிட்டிருந்தன, ஆனால் சத்தம் வரவில்லை.

"கே. ன். சொல்லுகேன்."

வண்டி ஒருமுறை குலுங்கியது. திவ்யா விரலை எடுக்காமல் அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள். "உக். கா…" பிளாட்பாரம் பின்னால் நகரத் தொடங்கியது. அவளும் நடந்தாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகை விரலை வரியின் நடுவில் ஊன்றிக்கொண்டு, புத்தகத்தின் மேலே குனிந்தபடி.