ஒன்பது வீட்டு விருந்தாளி

மேலைமலையில் பிறந்து, பாறைதோறும் மோதி ஆர்ப்பரித்து, சமவெளி கண்டதும் சினம் தணிந்து நடக்கும் சாலியாற்றின் வடகரையில், கமுகந்தோப்புகளுக்கு நடுவே ஓடுவேய்ந்த பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. மூன்று நாள் விடாது பெய்த மழை ஓய்ந்து, இளவெயில் இலைதோறும் ஏறி நின்ற ஒரு ஞாயிறு முற்பகலில், ஊரே அங்குக் கூடியிருந்தது. படுக்கையில் வாடுவோரை வீடுதேடிச் சென்று பேணும் வலிதணிப்பு மன்றத்தார், தம் தொண்டர்களுள் இளையவளான ரிசானாவை நினைவுகூர அழைத்திருந்தனர். இருபத்து மூன்றே வயது. தலைவலி என்று சாய்ந்தவள் எழவேயில்லை. நாற்பது நாள் ஆகியிருந்தது.

முன்வரிசையில் அவள் தாய் சுலைகா அமர்ந்திருந்தாள். மகளை இழந்த துயரையும் தாங்கிக்கொண்டவளுக்கு ஒரு சிறு முள்ளைத்தான் பிடுங்க முடியவில்லை. கடைசி ஓராண்டாக ரிசானா தன் வீட்டில் காலையுணவைத் தொட்டதில்லை. தாய் விடியுமுன் எழுந்து சுட்ட பத்திரி எனும் அரிசி ரொட்டியையும் மாங்காய் போட்ட மீன்குழம்பையும், “பசிக்கல உம்மா” என்று ஒதுக்கிவிட்டுப் போவாள். கடைசி நாளிலும் அப்படியே. “என் கைச்சோறு கசக்குதுன்னா நான் எதுக்குடி அடுப்பு மூட்டணும்?” என்று சுலைகா வெடித்தாள், மகளோடு பேசிய கடைசிப் பேச்சு அதுவாயிற்று. நரம்பில்லாத நாக்கு வேறென்ன செய்யும்! அன்றுமுதல் அவ்வீட்டில் மீன்குழம்பு கொதிக்கவில்லை.

உரையாற்ற எவரும் எழுமுன்னரே, நோயாளிகளின் வீட்டார் தூக்குப்பாத்திரங்களோடு வரலாயினர்.

“ரிசானாவுக்கு எங்க வீட்டுக் கஞ்சின்னா உயிரு. ஊர்லயே இதான் ஒசத்தின்னு சொல்லுவா” என்று கண்கலங்கிப் பாத்திரத்தைப் பலகையில் வைத்தாள் தச்சர் வீட்டுத் தேவகி.

“நல்லாருக்கே கதை! ஊர்லயே ஒசத்தின்னு எங்க புட்டைத்தானே சொன்னா?” என்று இடைமறித்தாள் அன்னம்மா.

மரவள்ளிக்கிழங்கு கொணர்ந்தவரும் அதையே சொன்னார். ஒன்பது பாத்திரங்கள் பலகையேறின. ஒன்பதும் ஊரிலேயே உயர்ந்தவை! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். எவளோ ஒருத்தி களுக்கென்றாள். பிறகு கூடமே குலுங்கிச் சிரித்தது.

“அடி கள்ளி! எல்லாரையும் ஏச்சுட்டாளே!”

சுலைகா மட்டும் சிரிக்கவில்லை. தேவகி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இத்தா, நோவு கெடக்குற வீட்ல யாரும் வாய் நனைக்க மாட்டாங்க. தண்ணிகூட வேணாம்பாங்க. உங்க மகதான் தட்டு எடுத்து வைன்னு அதிகாரமாக் கேட்டு உக்காந்து சாப்பிடுவா. அவ சாப்பிட்ட அன்னைக்கு எங்க வீடு வீடா இருக்கும்.”

அப்போது பின்னிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது. ஆறாண்டாகப் படுக்கையே உலகமாகிவிட்ட, ஊரெல்லாம் ‘காக்கா’ என்றே அழைக்கும் பழைய ஓடக்காரர் பீரான், நால்வர் நாற்காலியோடு தூக்கி வர, வெறுங்கையோடு வந்திருந்தார்.

“எங்க வீட்டுக் குழம்ப மட்டும் அவ நல்லாருக்குன்னு சொல்லவேயில்ல! ‘காக்கா, எங்க உம்மா வைக்கிற மத்திக் குழம்புக்கு இது ஒறபோடக் காணாது’ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா. என் மருமக மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா. ‘ஒருநாள் கொண்டாந்து தாரேன் காக்கா’ன்னவ, தராமலே போயிட்டா. சாவு என்னையத் தேடி வரும்னு ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு, அது வழி தப்பி அங்க போயிருச்சு. அந்தக் குழம்பத் திங்காம நான் போறதா இல்ல!”

சுலைகாவுக்கு அழுகை முந்தியதா சிரிப்பு முந்தியதா, அவளே அறியாள்.

“என்ன போட்ட குழம்புன்னு சொன்னா, காக்கா?”

“பச்ச மாங்கா.”

ஆம், அதேதான். ஓராண்டு முள் அந்த ஒரு சொல்லில் உதிர்ந்தது.

“நாளைக்கே கொண்டாறேன். ஆனா ஒண்ணு, நல்லாருக்குன்னு பொய் சொல்லக் கூடாது.”

“பொய் சொல்றதெல்லாம் ஒம் மக வேல” என்றார் கிழவர்.

பிறர் அடுப்பின் பெருமை காக்கத் தம் வயிற்றில் இடம்விட்டுச் செல்வோர் உலகில் சிலரே. அவர் வாழ்நாள் குறுகினும் அவர் அமர்ந்த இடம் ஆறிப்போவதில்லை. மறுநாட் காலை, அவ்வீட்டில் மீண்டும் மாங்காய் மணத்தோடு குழம்பு கொதித்தது. மண்சட்டியைத் துணியால் கட்டி ஏந்திப் புறப்பட்ட சுலைகாவை வாயிலில் மறித்தார் கணவர் அசைனார்.

“ரெண்டு பத்திரி தின்னுட்டுப் போயேன்.”

“பசிக்கல” என்று சொல்லி, ஆற்றங்கரை வழியே விரைந்து நடந்தாள் அவள்.